தெரிந்த கதைக்குள் தெரியாத மனிதர்கள்

செவ்வியல் நாவல் ஒன்றை இன்றைய எழுத்தாளர் எடுத்துத் திரும்ப எழுதினால், அதை ஏன் இத்தனை பேர் விரும்பிப் படிக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு இலக்கிய உலகம் ஆயத்தமாக ஒரு பதில் வைத்திருக்கிறது. வாசகர் சோம்பிப்போய்விட்டார். புதிய உலகத்துக்குள் நுழையும் சிரமத்தை ஏற்க அவருக்கு மனமில்லை. பழகிய கதையில், பழகிய மனிதர்களோடு பத்திரமாக இருந்துவிட நினைக்கிறார். எழுத்தாளருக்கும் அது வசதி. கதையைக் கண்டுபிடிக்கும் பாடு இல்லை. பதிப்பாளருக்கு விளம்பரச் செலவு மிச்சம். மூவரும் சேர்ந்து ஒரு பெரும் படைப்பின் முதுகில் ஏறிச் சவாரி செய்கிறார்கள். பழைய கள், புதிய மொந்தை. விமர்சனக் கட்டுரைகளிலும் இலக்கியக் கூட்டங்களிலும் இந்தப் பதில் சலிக்காமல் சொல்லப்படுகிறது.

இதைச் சொல்பவர்களில் பலர் நல்ல வாசகர்கள். செவ்வியல் படைப்புகளை உயிராக நேசிப்பவர்கள். அதனாலேயே இதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் எதைக் காக்க நினைக்கிறார்களோ, அதையே இந்தக் கருத்து குலைத்துவிடுகிறது. பெரிய நாவல் என்பது ஒருமுறை படித்து, வணங்கி, அலமாரியில் ஏற்றிவைக்க வேண்டிய பொருளாகிவிடுகிறது. நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. மறுபுனைவைத் தேடி வரும் வாசகர் பாதுகாப்பைத் தேடி வருவதில்லை. மூல நாவலோடு தனக்குத் தீராமல் கிடக்கும் ஒரு வழக்கைச் சுமந்துகொண்டு வருகிறார். அந்த வழக்கை இன்னொருவரும் கவனித்திருக்கிறார், அதை எடுத்து நடத்தியிருக்கிறார் என்று காணும்போது எழுவதுதான் அந்த மகிழ்ச்சி.

மறுபுனைவு சமீபத்தில் சந்தை கிளப்பிவிட்ட மோகம் என்கிறார்கள். ஆங்கில நாவலின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமேலா' 1740 நவம்பரில் வெளிவந்தது. பதினைந்து வயது வேலைக்காரப் பெண் முதலாளியின் தொல்லைகளுக்கு இணங்காமல் நின்று, கடைசியில் அவனையே மணந்துகொள்ளும் கதை. நாடே அதைக் கொண்டாடியது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1741 ஏப்ரலில், ஹென்றி ஃபீல்டிங் புனைபெயரில் 'ஷமேலா' என்ற சிறுநூலை வெளியிட்டார். பமேலாவின் கடிதங்களில் தெரியும் வெகுளித்தனம் கணக்குப் பார்த்துப் போட்ட வேடம் என்றது அந்த நூல். அடுத்த ஆண்டே பமேலாவின் சகோதரனை நாயகனாக வைத்து 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' எழுதினார். பின்னாளில் 'டாம் ஜோன்ஸ்' எழுதிய பெரும் நாவலாசிரியர் இன்னொருவரின் நாவலோடு சண்டை பிடித்துத்தான் நாவல் எழுதக் கற்றார். ஆக, ஆங்கில நாவல் பிறந்து கண் விழித்தபோதே மறுபுனைவும் உடன் இருந்தது. ஒரு நாவலைப் படித்தவுடன் 'இது முழு உண்மையா?' என்று கேட்கும் குணம் வாசகருக்கு அன்றைக்கே இருந்தது.

அடுத்தது, தெரிந்த கதையின் சுகம் என்ற வாதம். இதைச் சோதிக்க ஜீன் ரீஸின் 'வைட் சர்காசோ சீ'யைவிடப் பொருத்தமான நாவல் இல்லை. 1847-இல் ஷார்லட் பிராண்டே எழுதிய 'ஜேன் அய'ருக்கு 1966-இல் வந்த பதில் அது.

'ஜேன் அய'ரில் தார்ன்ஃபீல்ட் மாளிகையின் மூன்றாம் தளத்திலிருந்து அவ்வப்போது ஒரு சிரிப்பு கேட்கிறது. அது கிரேஸ் பூல் என்ற பணிப்பெண்ணின் சிரிப்பு என்று ஜேனிடம் சொல்லிவைக்கிறார்கள். ஜேனுக்கும் ராச்செஸ்டருக்கும் நடக்கவிருந்த திருமணம் தேவாலயத்திலேயே தடைபட்ட பிறகுதான் உண்மை வெளியே வருகிறது. மேலே பூட்டிவைக்கப்பட்டிருப்பவள் ராச்செஸ்டரின் மனைவி, ஜமைக்காவில் பிறந்த பெர்த்தா மேசன். இருட்டறையில் நான்கு காலில் ஓடும் உருவம் விலங்கா மனிதப் பிறவியா என்று தெரியவில்லை என்கிறாள் ஜேன். பெர்த்தா நம்மிடம் நேரடியாக ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவளைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி, முப்பதாயிரம் பவுண்டு சீதனத்தோடு அவளை மணந்த கணவன் வாயிலிருந்து வருவது. பின்னர் மாளிகை எரிகிறது. அவள் கூரையிலிருந்து விழுந்து சாகிறாள். ஜேனுக்கு வழி பிறக்கிறது.

ஜேனை நேசிக்கும் வாசகர் இந்த இடத்தை விரைவாகக் கடந்துவிடுவார். ஆனால் ஒரு முள் உள்ளே தங்கிவிடும். ஆதரவற்ற ஒரு பெண்ணின் தன்மானத்துக்காக இத்தனை உரத்துப் பேசும் நாவல், இன்னொரு பெண் பூட்டப்பட்டிருப்பதை எப்படி இத்தனை எளிதாக ஏற்றுக்கொள்கிறது? ரீஸை அந்த முள் விடவில்லை. 1890-இல் கரீபியத் தீவான டொமினிக்காவின் ரோஸோ நகரில், வேல்ஸிலிருந்து வந்த மருத்துவருக்கும் தீவிலேயே தலைமுறைகளாக வாழ்ந்த வெள்ளையினக் கிரியோல் பெண்ணுக்கும் பிறந்தவர் அவர். பதினாறு வயதில் இங்கிலாந்து போனார். அவர் படித்த 'ஜேன் அய'ரில் தன் மண்ணின் பெண் பூட்டிய அறையில் உறுமிக்கொண்டிருந்தாள். 1939-க்குப் பிறகு ரீஸின் நாவல் எதுவும் வரவில்லை. அவர் இறந்துவிட்டார் என்றே பலர் நினைத்திருந்த நிலையில், எழுபத்தாறாம் வயதில் இந்தப் பதில் வெளிவந்தது. இப்படிப்பட்ட புத்தகத்தை நோகாமல் நுங்கு தின்னும் வேலை என்று எந்த மனசாட்சியுள்ள விமர்சகர் சொல்வார்?

இதில் வாசகருக்குக் கிடைப்பது என்ன என்று பார்ப்போம். அடிமை முறை ஒழிக்கப்பட்ட 1830-களின் ஜமைக்காவில், நொடித்துப்போன தோட்டக்காரக் குடும்பத்தில் அந்துவானெட் என்ற சிறுமி வளர்கிறாள். பெர்த்தா என்பது பின்னாளில் கணவன் தன் விருப்பத்துக்கு அவள்மேல் சுமத்தும் பெயர். அவளுடைய சிறுவயதில் கூலிப்ரி என்ற அவர்கள் வீடு தீக்கிரையாகிறது. சிறகு வெட்டப்பட்ட வளர்ப்புக் கிளி பறக்க முடியாமல் எரிந்துகொண்டே கீழே விழுகிறது. மூல நாவலை அறியாதவருக்கு அது மனத்தை உலுக்கும் ஒரு காட்சி. அறிந்தவருக்கோ அந்தக் கிளியின் மேலேயே தார்ன்ஃபீல்ட் கூரையும் தெரிகிறது. இந்தச் சிறுமி எப்படி விழப்போகிறாள் என்று முன்பே தெரியும். கதை தெரிந்திருப்பது இங்கே யாருக்கும் ஆறுதல் தருவதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் நெஞ்சைப் பிசைகிறது. வேறு முடிவு வந்துவிடாதா என்று ஏங்கியபடி, வராது என்று அறிந்தபடி படிக்கிறோம். சோம்பேறித்தனத்துக்கு இங்கே எங்கே இடம் இருக்கிறது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரீஸ் கணவனைக் கொடியவனாக்கிக் கணக்குத் தீர்க்கவில்லை. நாவலின் இரண்டாம் பகுதியில் பெரும்பாலும் அவன்தான் பேசுகிறான். சொத்தில் உரிமையில்லாத இளைய மகன். தகப்பனின் திட்டத்துக்காகக் கடல் கடந்து அனுப்பப்பட்டவன். காய்ச்சலும் அச்சமுமாக, புரியாத ஒரு நிலத்தில் தத்தளிப்பவன். அவனுக்கும் நியாயம் கிடைக்கிறது, பெயர் மட்டும் கிடைப்பதில்லை. இந்த நாவலை முடித்துவிட்டு 'ஜேன் அய'ரைத் திரும்பத் திறந்தால் அந்த மூன்றாம் தளச் சிரிப்பு முன்புபோல ஒலிக்காது. மூலத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வாசகரின் காது மாறிவிட்டது. மறுபுனைவின் பெரும் இன்பம் இந்த இரண்டாம் வாசிப்பில்தான் இருக்கிறது.

'இன்றைய ஒழுக்க அளவுகோலை நேற்றைய நூலின்மேல் திணிக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் தங்கள் நல்ல மனத்தைத் தாங்களே மெச்சிக்கொள்கிறார்கள்' என்பது இன்னொரு குற்றச்சாட்டு. மேலோட்டமாகப் பார்த்தால் வலுவானதாகத் தோன்றும். இந்தக் குற்றச்சாட்டு அண்மையில் அதிகம் பேசப்பட்டது பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' நாவலை முன்வைத்து. 2024-இல் வந்த நாவல் அது. அந்த ஆண்டின் அமெரிக்க தேசியப் புத்தக விருதையும் 2025-இன் புலிட்சர் பரிசையும் பெற்றது. மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபி'னில் சிறுவன் ஹக்குடன் மிஸிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் தப்பிச் செல்லும் அடிமை ஜிம், இதில் தன் கதையைத் தானே சொல்கிறான்.

ட்வைனின் நாவலில் வாசகரை உறுத்தும் இடம் எது? அதன் இறுதிப் பகுதி. ஜிம் பிடிபட்டு ஒரு குடிசையில் அடைக்கப்படுகிறான். ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து சேர்கிறான். ஜிம்மின் உரிமையாளரான மிஸ் வாட்சன் தன் உயிலில் ஜிம்மை விடுவித்துவிட்டார் என்பது டாமுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல், சாகசக் கதைகளில் படித்ததுபோல 'சிறைமீட்பு' விளையாட்டு ஆடுகிறான். ஜிம்மின் குடிசைக்குள் எலியும் சிலந்தியும் பாம்பும் கொண்டுவந்து விடுகிறான். ஒரு மனிதனின் விடுதலை சிறுவர்களின் வேடிக்கையாகிவிடுகிறது. இந்த உறுத்தலை இருபத்தோராம் நூற்றாண்டு கண்டுபிடிக்கவில்லை. நவீன அமெரிக்க இலக்கியம் முழுவதும் இந்த ஒரு நூலிலிருந்து வருகிறது என்று புகழ்ந்த ஹெமிங்வே, 1935-இல் அதே மூச்சில் அந்த இறுதிப் பகுதி ஏமாற்று வேலை என்றும் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். ட்வைனை அவரைவிட உயர்த்திப் பிடித்தவர் யார்? அவரை எந்த அளவுகோலின் பெயரால் குற்றம் சொல்வது? உறுத்தல் மூலத்துக்குள்ளேயே இருந்தது. வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக அதை உணர்ந்து வந்தார்கள்.

அதோடு ட்வைனே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். தெப்பத்தில் ஓர் அதிகாலையில் ஜிம் தன் நான்கு வயது மகளை நினைத்து அழுகிறான். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அவளை அடித்ததையும், செங்காய்ச்சலில் அவளுக்குக் காது கேட்காமல் போனதை அதன் பிறகே உணர்ந்ததையும் சொல்கிறான். வேடிக்கைப் பாத்திரமாக வந்தவன் அந்த ஒரு பக்கத்தில் தகப்பனாக எழுந்து நிற்கிறான். ஹக் தூங்கும் நேரங்களில் இந்த மனிதன் வேறு எதையெல்லாம் நினைத்திருப்பான் என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிட்டது. எவரெட் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போனார். ட்வைனின் நாவலைப் பலமுறை தொடர்ச்சியாகப் படித்துவிட்டே எழுத உட்கார்ந்ததாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அவருடைய ஜேம்ஸ் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறான். வெள்ளையர் முன்னால் எப்படித் தடுமாறிப் பேச வேண்டும், அவர்கள் தங்களை மேலானவர்களாக உணரும்படி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே அந்தப் பாடம். அவன் எழுதுவதற்காக ஒரு பென்சிலைத் திருடித் தருகிற இன்னோர் அடிமைக்கு அந்தப் பென்சிலே மரணமாகிறது. இந்த இடத்தைப் படிக்கும் வாசகருக்குத் தன் நல்ல மனத்தை மெச்சிக்கொள்ளத் தோன்றுமா? தன் கையில் இருக்கும் புத்தகம் எத்தனை விலை கொடுத்து வந்தது என்ற எண்ணம்தான் தோன்றும். ட்வைனின் ஹக்கை நேசித்தவர் இதில் ஹக்கை இழப்பதில்லை. தெப்பத்தில் அவன் பக்கத்தில் படுத்திருந்தவரைப் புதிதாக அடைகிறார்.

எழுத்தாளருக்கு இது எளிய வழி என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். பார்பரா கிங்சால்வரின் 'டீமன் காப்பர்ஹெட்' 2022-இல் வந்தது. 2023-இல் புலிட்சர் பரிசை இன்னொரு நாவலுடன் பகிர்ந்துகொண்டது. டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்'டை அவர் அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதிக்கு, வர்ஜீனியா மாநிலத்தின் லீ கவுண்டிக்கு, கொண்டு வந்தார். அந்தப் பக்கத்து மண்ணில் வாழ்கிறவர் அவர். வலிநிவாரண மாத்திரைகளுக்கு அடிமையான ஒரு தலைமுறையின் கதையை எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்த நாட்களில், இங்கிலாந்தின் பிராட்ஸ்டெர்ஸ் ஊரில் டிக்கன்ஸ் 'டேவிட் காப்பர்ஃபீல்டி'ன் ஒரு பகுதியை எழுதிய வீட்டில் தங்க நேர்ந்தது. அங்கேதான் வழி கிடைத்தது: குழந்தையே கதையைச் சொல்லட்டும்.

டிக்கன்ஸ் பன்னிரண்டு வயதில், தகப்பன் கடன்காரர் சிறையில் இருக்க, பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தக் காயத்தை 1849-50-இல் தொடராக வந்த தன் நாவலில் டேவிடுக்குக் கொடுத்தார். கிங்சால்வர் செய்ய வேண்டியிருந்தது என்ன? அந்தத் தொழிற்சாலைக்கு இன்றைய இணை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவர் கண்டது: வளர்ப்பில்லங்களை நடத்தும் அரசின் அலட்சியம், பணத்துக்காக வளர்ப்புப் பிள்ளைகளை ஏற்று, புகையிலை வயலில் வேலை வாங்கும் விவசாயி, ஒரு கடையின் பின்புறம் குப்பையைப் பிரிக்கும் பத்து, பதினொரு வயதுச் சிறுவன். பிறகு பள்ளி கால்பந்தாட்டத்தில் முழங்கால் முறிவு, மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை, அதிலிருந்து மீள முடியாத சரிவு. 1996-இல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் மாத்திரையின் அடிமையாக்கும் தன்மையைக் குறைத்துக் காட்டி விற்றதாக, அதன் தயாரிப்பு நிறுவனம் 2007-இல் வர்ஜீனியாவின் ஃபெடரல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. டீமனின் கதைக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

இது சொந்தக் கதையை எழுதுவதைவிடக் கடினமான வேலை. பாத்திரங்களின் உறவும் திருப்பமும் முன்பே வகுக்கப்பட்டிருக்கும் சட்டகத்துக்குள், ஒவ்வொரு இடத்திலும் இன்றைய உண்மையை நிறுத்த வேண்டும். ஒன்று பொய்யாக ஒலித்தாலும் மூலத்தை அறிந்தவர் உடனே பிடித்துவிடுவார். டிக்கன்ஸைத் தொட்டே பார்க்காதவருக்கும் அது முழு நாவலாக நிற்க வேண்டும். டிக்கன்ஸை அறிந்தவருக்கோ கூடுதலாக ஒரு கோபம் மூள்கிறது. நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து, உலகின் பணக்கார நாட்டில், குழந்தையை அதே இடத்தில் நிறுத்திவைத்திருக்கிறோமே என்ற கோபம். பழகிய கதை தரும் சுகம் என்று இதைச் சொல்வது அந்தக் கோபத்தைக் கேட்க மறுப்பதாகும்.

மறுபுனைவு என்ற பெயரில் வருவதெல்லாம் நல்லவை என்று நான் வாதிடவில்லை. எதிர்த்தரப்பின் விளக்கம் பொருந்தும் புத்தகங்கள் உண்டு. மார்கரெட் மிட்சலின் 'கான் வித் த விண்ட்' (1936) நாவலுக்கு அவருடைய வாரிசுகள் அனுமதியோடு 1991-இல் 'ஸ்கார்லட்' என்ற தொடர்ச்சி வந்தது. மிகப் பெரிய அளவில் விற்றது. அதே மனிதர்களின் வாழ்க்கையில் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்ற ஆசைக்கு அது தீனி போட்டது. ஜேன் ஆஸ்டனின் ஆறு நாவல்களையும் பிரபல எழுத்தாளர்களைக் கொண்டு இன்றைய காலத்தில் எழுதவைக்க ஒரு பெரிய பதிப்பகம் 2013-இல் தொடங்கிய திட்டத்தில் நான்கு மட்டுமே வந்தன. குதிரை வண்டியை எடுத்துவிட்டுக் காரையும், கடிதத்தை எடுத்துவிட்டுச் செல்போனையும் வைத்தால் போதும் என்ற எண்ணம் அதிக தூரம் போகாது. அதே ஆண்டு ஜோ பேக்கர் எழுதிய 'லாங்போர்ன்' வேறு பாதையில் போனது. 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' வீட்டின் வேலைக்காரர்களைப் பற்றியது அது. எலிசபெத் பென்னட் சேற்றில் நடந்து வந்தாள் என்றால், அந்தப் பாவாடையைக் குளிரில் விரல் வெடிக்கத் துவைத்தது யார் என்று அது கேட்டது. ஆஸ்டனின் வாசகர்கள் அந்தக் கேள்வியை அன்போடு ஏற்றுக்கொண்டார்கள். எனவே பிரிக்க வேண்டிய கோடு மூலத்துக்கும் மறுபுனைவுக்கும் நடுவில் இல்லை. மூலத்திடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கும் நூலுக்கும், மூலத்தின் பெயரை மட்டும் வைத்திருக்கும் நூலுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

மறுபுனைவு மூலத்துக்குக் கேடு செய்கிறது என்பதே கடைசி வாதம். இது நீதிமன்றம் வரை போன வாதம். ஆலிஸ் ராண்டல் 2001-இல் 'த விண்ட் டன் கான்' எழுதினார். மிட்சலின் நாயகி ஸ்கார்லட்டின் தகப்பனுக்கும் மம்மி என்ற அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த மகள் தன் பக்கத்தைச் சொல்லும் நாவல். மிட்சலின் வாரிசுகள் தரப்பு வழக்குத் தொடர்ந்து, வெளியீட்டுக்குத் தடையும் வாங்கியது. அடுத்த மாதமே மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. மூலத்தை விமர்சிப்பதற்காக மூலத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை எழுத்தாளருக்கு உண்டு என்பதே அதன் அடிப்படை. அதனால் மிட்சலின் நாவல் அழிந்துபோய்விட்டதா? இன்றும் அச்சில் இருக்கிறது. ஆல்பர் காம்யுவின் 'அந்நிய'னில் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்படும் அரபு மனிதனுக்குப் பெயரே இல்லை. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013-இல் அவனுக்கு மூசா என்று பெயர் வைத்து, அவன் தம்பியைப் பேசவைத்தார். அதன் பிறகும் காம்யு வாசிக்கப்படுகிறார். இன்னும் கூர்மையாக வாசிக்கப்படுகிறார்.

மறுபுனைவும் கடைசித் தீர்ப்பு அல்ல. ரீஸின் நாவலில் வரும் கிறிஸ்டோஃபின் என்ற கறுப்பினப் பணிப்பெண் கதையின் நடுவிலேயே விலகிப் போய்விடுகிறாளே என்று இலக்கிய விமர்சகர் காயத்ரி ஸ்பிவாக் 1985-இல் கேட்டார். ஒரு கேள்விக்கான பதிலுக்குள்ளும் இன்னொரு கேள்வி இருக்கிறது. இப்படி நீளும் உரையாடலே இலக்கியத்தின் உயிர்.

இதைத் தமிழ் வாசகருக்கு விளக்கிச் சொல்லத் தேவையே இருந்திருக்கக் கூடாது. புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தில், இராமன் நெருப்பில் இறங்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். அந்தக் கதையைப் பழகிய கதையின் சுகத்துக்காகவா நாம் இத்தனை காலமாகப் படித்து வருகிறோம்? நம் மனத்தில் நெடுநாளாகக் கிடந்த ஒரு கேள்வியை அவர் கேட்டுவிட்டார் என்பதற்காகத்தான் படிக்கிறோம். நம் எழுத்தாளருக்கு நாம் கொடுத்த மரியாதையை ரீஸுக்கும் எவரெட்டுக்கும் கிங்சால்வருக்கும், அவர்களைப் படிப்பவர்களுக்கும் மறுப்பது நியாயமில்லை.

மறுபுனைவைப் படிப்பவரைச் சோம்பேறி என்று சொல்வதை விமர்சகர்கள் நிறுத்த வேண்டும். அவர் ஒரு நூலுக்கு இரண்டு நூலாகப் படிக்கிறவர், படித்ததை மறக்காதவர், பிடித்த புத்தகத்திடமும் கேள்வி கேட்கத் துணிந்தவர். செவ்வியல் நாவலுக்கு அவரைவிட நல்ல காவலர் கிடைக்க மாட்டார். வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு நாவல் கைக்கு வந்தால், மூலத்தையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் படியுங்கள். நீங்கள் கவனிக்காமல் கடந்துபோன யாரையாவது அந்தப் புதிய நூல் உங்களுக்குக் காட்டியதா என்று மட்டும் பாருங்கள். காட்டியிருந்தால் அது நல்ல நாவல். கடன் வாங்கிய கதை என்று யார் சொன்னாலும் பொருட்படுத்த வேண்டாம்.